ஹாஜறா அரைத்த மருந்து

கல்முனைக்குடியில் ஹாஜறாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆளுக்கு ஒரு கதை இருந்தது. கெட்டதாகச் சொல்ல எவரிடமும் எதுவும் இருக்கவில்லை. கடைசியில் அதையும் அவளே வாயைத் திறந்து கொடுத்தாள்.

அவள் அப்துல் ஹமீட் பரிசாரியாரின் ஒரே மகள். நாட்டு வைத்தியம் பார்த்த மனிதர். அவரைத் தேடி அக்கரைப்பற்றிலிருந்தும் ஆட்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பரிசாரியாருக்கு மூலிகை தெரியும், நாடி தெரியும். உட்கார்ந்து அரைக்க மட்டும் பொறுமை கிடையாது. அரைக்கிற வேலை முழுக்க மகளுடையது. கல்வம் என்று கருங்கல்லில் படகு மாதிரிக் குழித்த ஒரு மருந்துக்கல் அந்த வீட்டில் இருந்தது. சமைந்து வீட்டுக்குள் இருந்த வயதிலிருந்து ஹாஜறா அதன் முன்னால்தான் இருந்தாள். பொடியை விரலில் தேய்த்தால் அது ரேகைக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் அரைக்க வேண்டும். கரகரப்பாகப் போன மருந்து குடலை அறுக்கும், நயமாகப் போன மருந்து நோயை அறுக்கும் என்பது பரிசாரியாரின் கட்சி. அந்த வைத்தியத்துக்கு அது சரி. அவர் மகள் அதை எல்லா வைத்தியத்துக்கும் சரி என்று எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? அந்த வீட்டில் வேறு வைத்தியமே நுழைந்ததில்லை.

அவளைக் கட்டியவர் மருதமுனை சாலிஹ். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். ஒரு தையல் மிசினையும் ஒரு பெட்டி உடுப்பையும் தூக்கிக்கொண்டு சாலிஹ் வந்து சேர்ந்தார். கல்முனை பசாரில் கடை வைத்தார். தையலில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பள்ளிவாசலில் தொழுகைக்கு நின்றாலும் முன்வரிசைக்காரரின் முதுகுத் தையலில்தான் கண் போகிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அல்லாஹ்வின் முன்னால் நிற்கும்போது கொலரைப் பார்க்கிறீர்களே என்று ஹாஜறா கடிந்துகொண்டால், கோணல் கொலரோடு அல்லாஹ்வின் முன்னால் நிற்கிறவனை என்ன செய்வது என்று கேட்பார்.

பிள்ளை இல்லை. வருடம் போகப் போக சாலிஹின் அக்கா, மூத்த ராத்தா சல்மா உம்மா மருதமுனையிலிருந்து வந்து வந்து காதில் ஓதினாள். இன்னொன்றைக் கட்டிக்கொள், மார்க்கத்தில் தடையில்லை, எங்கள் குடியிலேயே நல்ல பெண் இருக்கிறது என்று. சாலிஹ் ஒரு நாளும் வாய்விட்டு மறுத்துக் கதைத்ததில்லை. ராத்தாவுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொல்வார், அவள் குடித்து முடித்ததும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வருவார். வந்து, இந்த வீடு தனக்குப் போதும் என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காக ஹாஜறா, அவர் கேட்டால் தன் உயிரையும் கொடுத்திருப்பாள். அவளிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை.

எண்பத்தொன்று மாரியில் சாலிஹின் கை பிடித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. முட்டிகள் சிவந்து புடைத்தன. விரலுக்குத் தக்க வீக்கம் என்று ஊரில் சொல்வார்கள், எனக்குக் கணக்குப் பிசகிவிட்டது என்று முதல் மாதம் பகிடி விட்டார். அடுத்த மாதம் பகிடி நின்றது. பட்டன் துளை தைக்க ஊசியைப் பிடித்தவர் அதைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா இருப்பதை ஹாஜறா கண்டாள். பரிசாரியார் அப்போது மௌத்தாகி வெகுநாள். அவர் விட்டுப்போன எண்ணெய்களை எல்லாம் அவள் காய்ச்சிப் பூசிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

டவுனில் டொக்டர் அதை மூட்டுவாதம் என்றார். அஸ்பிரின் குளிசை கொடுத்தார். கை கொஞ்சம் இளகியது, வயிறு எரியத் தொடங்கியது. எரிந்தால் நிறுத்துவதும், நிறுத்தினால் கை இறுகுவதும், இறுகினால் திரும்பக் குடிப்பதுமாக இரண்டு மூன்று வருடம் இழுபட்டது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியைத் தள்ளித் தைத்த நாட்களும் உண்டு. தையல் இல்லாவிட்டால் சாலிஹ் சாலிஹ் இல்லை. அது ஹாஜறாவுக்கும் தெரியும். அந்தக் கையைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு எண்ணமில்லாமல் அவள் இருந்த காலம் அது.

எண்பத்துநாலில் டொக்டர் புதிதாக ஒரு கப்சூல் எழுதினார். பசாரில் பார்மசி வைத்திருந்த வில்பிரட் அதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தான். வில்பிரட் மெதடிஸ்ட்காரன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் சாலிஹ் தைத்த களிசானில்தான். கப்சூலின் ஒரு பாதி கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. உள்ளே கசகசாவிலும் கொஞ்சம் பெரிய வெள்ளை மணிகள். நானா, இது வயிற்றுக்கு நோகாத மருந்து, சாப்பிட்டுப் போட்டு விழுங்குங்கள் என்று வில்பிரட் சொன்னான். கடையில் சனம் நின்றது. அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் விழுங்கினார். எரிவு குறைந்தது. கையும் ஆறுதலாக, மெல்ல மெல்ல இளகி வந்தது. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய தேவை வந்திராது.

பள்ளிவாசலில் தொழுவிக்கிற அபூசாலி லெவ்வை ஜுப்பாவுக்கு அளவு கொடுக்க வீட்டுக்கு வந்தவர், சாலிஹ் கப்சூலைக் கையில் எடுத்ததைக் கண்டார். இந்தக் கோது எதில் செய்வது தெரியுமா என்று கேட்டார். மிருகத்தின் எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுக்கிறார்களாம், எந்த மிருகம் என்று ஒருவரும் சொல்வதில்லையாம். பெயர் சொல்லக்கூடாத அந்த இனமாகவும் இருக்கலாம் என்பதை அவர் வாயால் சொல்லாமல் முகத்தால் சொன்னார். மருந்தை விடச் சொல்லவில்லை. சந்தேகம் கோதில்தானே, கோதை எறிந்துவிட்டு உள்ளுக்கு இருப்பதைக் குடிக்கலாம் என்றார். லெவ்வையைத் திட்ட நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

வில்பிரட்டிடம் ஒரு சொல் கேட்கலாமே என்று ஹாஜறா நினைத்தாள். ஆனால் எப்படிக் கேட்பது? ஒரு கிறிஸ்தவன், நம்பிக்கையாக வருவித்துத் தந்திருக்கிறான். அவனிடம் போய் இதற்குள் அது இருக்கிறதா என்று கேட்டால் அவன் மனம் என்ன பாடுபடும் என்று சாலிஹ் தடுத்துவிட்டார். மரியாதைக்காக அடக்கிக்கொண்ட கேள்வி அது. நம் ஆட்கள் இப்படி மரியாதை பார்த்து அழிந்தது கொஞ்சமல்ல.

கோதைக் கழற்றினாள். மணிகளைக் கரண்டியில் தேன் விட்டுக் கொடுத்தாள். சாலிஹுக்கு மேல்வரிசைப் பல் கட்டின பல். மணிகள் அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. மண் விழுந்த சோற்றைத் தின்பது போல இருக்கிறது என்று பாதியைத் துப்பினார். ஹாஜறா துப்பியதில் ஒரு மணியை எடுத்து விரலுக்கிடையில் வைத்து உருட்டினாள். உடையவில்லை. நகத்தால் அழுத்தினாள். மேலே ஒரு தோல், வழுவழுவென்று, கடினமாக. பரிசாரியார் மகள் அல்லவா. ஏற்கெனவே புண்பட்ட வயிற்றுக்குள் இந்தக் கல்லையா அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று பதறினாள். கல்வத்தைக் கழுவித் துடைத்தாள்.

அந்தத் தோலில்தான் மருந்தின் புத்தி முழுவதும் இருந்தது. வயிற்றுப் புளிப்பில் கரையாமல், வயிற்றைத் தொடாமல் கடந்து, குடலுக்குப் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட வேண்டும் என்பதற்காக, எங்கேயோ ஒரு தேசத்தில் யாரோ மணி மணியாகப் பூசி அனுப்பிய பூச்சு அது. வயிறு நோகக்கூடாது என்று அவர்கள் பூசினார்கள். வயிறு நோகக்கூடாது என்று இவள் அதை அரைத்து எடுத்தாள். இதற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கோபம் மட்டும் வருகிறது.

பொடி ரேகைக்குள் இறங்கும் வரை அரைத்தாள். தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். ஒரு சிறங்கை தண்ணீர் கொடுத்தாள். பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் சாலிஹ் விரலை மடக்கி நீட்டி மடக்கிக் காட்டினார். கோதோடு விழுங்கின காலத்தில் இப்படி ஒரு சுறுக்கு இருந்ததில்லை. பூச்சில்லாத மருந்து ஒரேயடியாக உடம்பில் ஏறினால் சுறுக்காகத்தான் கேட்கும். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணால் கண்டது குணம். அரைத்ததால் வந்த குணம்.

அதன் பிறகு வந்த மாதங்கள்தான் அவர்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சந்தோசமாக இருந்த மாதங்கள். சாலிஹ் திரும்பவும் கொலர் வைத்தார், பட்டன் துளை தைத்தார், ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் கோட்டும் தைத்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விரலை மடக்கிக் காட்டி, டொக்டர் தந்தது பாதி மருந்து, மீதிப் பாதி என் பெண்சாதியின் கல்வம் என்றார். மருதமுனைக்குப் போய் சல்மா உம்மாவிடமும் அதையே சொன்னார். அடுத்த தடவை வீட்டுக்கு வந்தபோது சல்மா உம்மாவின் வாயாலேயே, உன்னைப் போல ஒரு பெண்ணை என் தம்பிக்கு நான் தேடியிருக்க மாட்டேன் என்ற சொல் வந்தது. ஹாஜறா அன்றைக்கு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

வயிறு பேசத் தொடங்கியதை சாலிஹ் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்துவார்கள், நிறுத்தினால் கை இறுகும். அந்தப் பாதையில் அவர் ஏற்கெனவே நடந்து பார்த்தவர். வெளிக்குப் போனால் தார் மாதிரிக் கறுப்பாகப் போவதையும் சொல்லவில்லை. ஆம்பிளை அதை யாரிடம் சொல்வார்? சோற்றையும் மீன் ஆணத்தையும் ஒதுக்கிவிட்டுக் கஞ்சி கேட்டார். முகம் வெளுத்து வந்தது. ஹாஜறா கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அள்ளாமல் குறையாது, சொல்லாமல் தெரியாது. அவர் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியவில்லை. வெளுப்பைக் கண்டு அவள் தேனைக் கூட்டினாள். இன்னும் நயமாக அரைத்தாள்.

எண்பத்தைந்தில் நோன்பு வந்தபோது, நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று லெவ்வையே வந்து சொன்னார். சாலிஹ் கேட்கவில்லை. இந்தக் கையைத் திருப்பித் தந்தவனுக்கு நோன்பு பிடிக்காமல் இருப்பதா என்றார். பெருநாள் உடுப்பும் கடையில் மலை போலக் குவிந்து கிடந்தது. விடியுமுன் சாப்பிட்டு ஸஹர் செய்த கையோடு ஒரு பொடி, நோன்பு திறந்ததும் ஒரு பொடி என்று ஹாஜறா நேரத்தை மாற்றிக் கொடுத்தாள். இடையில் பகல் முழுதும் அந்த வயிறு வெறும் வயிறு.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மிசினில் இருந்தபடியே சாலிஹ் வாந்தி எடுத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் காரில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய், பிறகு ஹாஜறாவுக்கு ஆள் அனுப்பினார்கள். கோப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது போலக் கிடந்தது, பிறகு பச்சை இரத்தமாக வந்தது என்று வந்தவன் சொன்னான். ஹாஜறா முக்காட்டை இழுத்துக்கொண்டு, மருந்துப் பைக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். மருந்து தவறக்கூடாது என்பதுதான் அந்த ஓட்டத்திலும் அவள் யோசனை.

வார்டில் கிருபாமலர் என்ற மிஸி இருந்தாள். கல்முனைக்காரிதான், கொழும்பில் படித்துவிட்டு வந்த நேர்ஸ். சாலிஹுக்குச் சேலைன் ஏற்றிவிட்டு, ஹாஜறாவை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டில் என்ன மருந்து குடித்தவர் என்று கேட்டாள். ஹாஜறா பைக்கெட்டைக் கொடுத்தாள். இந்த மருந்துக்கு இவ்வளவு சுறுக்காக இப்படி வரக்கூடாதே என்று கிருபாமலர் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மருந்தைத் தான் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று மிஸி நினைக்கிறாளோ என்று ஹாஜறாவுக்குப் பட்டது.

"ஒரு நேரமும் விடல்ல மிஸி," என்றாள். "கோதைக் கழட்டிப் போட்டு, மணிய மா மாதிரி அரைச்சி, தேன்ல குழைச்சித்தான் குடுக்கிற. வயித்துக்கு நோகக்கூடா எண்டு."

கிருபாமலர் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள், அவளையும் உட்கார வைத்தாள்.

"ராத்தா, அந்த மணிக்கு மேல ஒரு பூச்சு இருக்கு. மருந்து வயித்தில படாம இருக்கத்தான் அது. அரைச்சா அது இல்லாமப் போயிரும்."

ஹாஜறாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது, தப்பிக்க ஒரு வழி தேடுகிறவளைப் போலக் கேட்டாள்.

"அப்ப கோதைக் கழட்டினதா மிஸி பிழை?"

"கோதைக் கழட்டினதில பிழை இல்ல. மணிய மணியாவே தேன்ல போட்டுக் குடுத்திருந்தா ஒண்டுமில்ல. அரைச்சதுதான்."

அரைக்காமல் விட்டிருந்தாலும் சிலருக்கு இப்படி வருவதுண்டு என்றும் கிருபாமலர் சொன்னாள். நோன்பும் சேர்ந்துகொண்டது என்றாள். உங்களுக்குத் தெரியாதுதானே என்றாள். நல்ல பெண், சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். ஹாஜறாவின் காதில் ஏறியது 'அரைச்சதுதான்' என்ற ஒரு சொல். இப்போதைக்கு அவருக்குச் சொல்ல வேண்டாம், மனம் உடைந்தால் உடம்பும் உடைந்துவிடும், கொஞ்சம் தேறட்டும் என்று கிருபாமலர் கையைப் பிடித்துச் சொன்னாள். ஹாஜறா தலையை ஆட்டினாள். தேறியதும் தன் வாயாலேயே சொல்லி, காலைப் பிடித்து மாப்புக் கேட்பது என்று அந்த வாங்கிலேயே முடிவெடுத்துக்கொண்டாள்.

இரத்தம் நின்றது. சாலிஹ் கண்ணைத் திறந்தார், கஞ்சித்தண்ணி குடித்தார், பக்கத்துக் கட்டில்காரரின் சேட்டில் தோள் தையல் இறங்கியிருக்கிறது என்றும் சொன்னார். ஹாஜறாவுக்கு உயிர் வந்தது. ஆனால் மருந்து நின்றுவிட்டதே. ஒவ்வொரு விடியலிலும் விரல்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே மடங்கின. கரண்டி பிடிக்க முடியாமல் போயிற்று. வேதனையில் பல்லைக் கடித்தார்.

பொடி கொண்டு வந்தாயா என்று கேட்டார். டொக்டர் நிறுத்திவிட்டார் என்றாள். அடுத்த நாளும் கேட்டார், அவளும் அதையே சொன்னாள். மூன்றாம் தரம் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"டொக்டருக்கு என்ன தெரியும்? அவர் தந்தது கோதோட. நீ அரைச்சித்தானே அது மருந்தா வந்திச்சு," என்றார்.

அவள் அவர் கையை எடுத்துத் தடவினாள். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். வார்டின் மறு கோடியில் நின்ற கிருபாமலரைப் பார்த்தாள். தேறட்டும் என்று சொன்னாளே. இன்னும் ஒரு நாள், முகத்தில் இன்னும் கொஞ்சம் இரத்தம் ஏறட்டும் என்று நினைத்தாள். சொல்ல வந்ததை விழுங்கினாள்.

சாலிஹ் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"அரைக்க அலுத்துப் போச்சா புள்ள?"

"இல்ல," என்றாள் ஹாஜறா.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இத்தனை வருடத்தில் அவளுக்கு முதுகு காட்டி அவர் படுத்தது அதுதான் முதல் தடவை. பகல் திரும்பியதும் இரத்தம் மறுபடி உடைத்தது. மட்டக்களப்புக்கு ஏற்ற வேண்டும் என்றார்கள். றோட்டில் ஏதோ கரைச்சல், வாகனம் போகாது என்றார்கள். இருந்த இரத்தத்தை ஏற்றினார்கள். ஹாஜறா அவர் காதுக்குக் கிட்டக் குனிந்து கூப்பிட்டாள். கேட்டதோ கேட்கவில்லையோ, அவர் திரும்பவில்லை. பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் எல்லாம் முடிந்தது.

மையித்தை அடக்கிய பிறகு ஹாஜறா இத்தாவில் இருந்தாள். வெள்ளை உடுத்து, வெளி ஆம்பிளைகளைப் பார்க்காமல், வீட்டுக்குள். ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். கைக்குழந்தைக்குக் கொடுப்பது போல அரைத்து அரைத்துக் கொடுத்தாயே, உன்னைப் போல யார் பார்ப்பார், அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தருவான் என்றார்கள். தாய்மார் தங்கள் குமர்ப்பெண்களுக்கு அவளைக் காட்டி, புருசனைப் பார்ப்பதென்றால் இப்படிப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஹாஜறா ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருந்தாள். பயந்து மறைத்தாள் என்று நினைக்க வேண்டாம். சொல்ல வேண்டிய ஆள் மண்ணுக்குள் போய்விட்டார். மற்றவர்களிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்றுதான் இருந்தாள்.

அடுத்த வீட்டு றபீக்கா ஒரு காலையில் வந்தாள். அவளுடைய உம்மாவுக்கும் முழங்கால் வீக்கம். டொக்டர் அதே கப்சூலைத்தான் எழுதியிருக்கிறாராம். உங்கள் கல்வத்தை ஒரு கிழமைக்குத் தாருங்கள் ராத்தா, நீங்கள் அவருக்குச் செய்தது போலவே நானும் உம்மாவுக்கு அரைத்துக் கொடுக்கப் போகிறேன் என்று கேட்டாள்.

ஹாஜறா அவள் கையைப் பிடித்தாள்.

"அரைக்காத," என்றாள். "நான் அரைச்சதாலதான் அவர் மௌத்தாப் போனது."

கிருபாமலர் தனக்குச் சொன்னதை ஒன்றும் விடாமல் றபீக்காவுக்குச் சொன்னாள். கோதைக் கழற்றினால் கழற்று, மணியில் கை வைக்காதே என்றாள். றபீக்கா கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு போனாள். அந்த உம்மா பிழைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் இதில் நல்ல சேதி. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நேற்று வரை கூலி தருவான் என்றவர்கள் இன்றைக்கு வாசலைக் கடக்கும்போது நடையைக் கூட்டினார்கள். குமர்ப்பெண்களுக்குக் காட்டுவதும் நின்றது.

மருதமுனைக்கும் செய்தி போனது. மறுநாள் சல்மா உம்மா வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தேத்தண்ணி வேண்டாம் என்றாள். பாயில் ஹாஜறாவுக்கு எதிரே இருந்தாள்.

மெய்தானா என்று கேட்டாள். ஹாஜறா ஓம் என்றாள். லெவ்வை சொன்னது, வில்பிரட்டிடம் கேட்காமல் விட்டது, நகத்தால் அழுத்திப் பார்த்தது, மிஸி வாங்கில் இருத்திச் சொன்னது எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி சொன்னாள். அடித்தால் அடிக்கட்டும், ஏசினால் ஏசட்டும் என்றுதான் சொன்னாள். அவளுக்கு அது வேண்டியும் இருந்தது. சல்மா உம்மா அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. தன் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். வெகுநேரம் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தம்பிக்கு இது தெரியுமா புள்ள?"

அதுவரை அழாமல் இருந்த ஹாஜறாவுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது.

"இல்ல மதினி. எனக்கு அரைக்க அலுத்துப் போச்செண்டு நினைச்சித்தான் போனார்."